பாக்கியத்தம்மாள் போட்ட ஒன்று

பணி ஓய்வுக் கட்டுரை எழுதுகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், முட்டி வலிக்க வேண்டும். எனக்கு முப்பது தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனாலும் போன மாதம் எனக்கு மாலை போட்டார்கள். ஆளுக்கொரு பொட்டலம் மிக்சர் கொடுத்தார்கள். நான் அமைதியானவள், எதிர்த்துப் பேசாதவள், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்று ஆசிரியர் மூன்று பொய்களை மூச்சு விடாமல் சொன்னார். காகிதத்தில் சுற்றிய பரிசு ஒன்றையும் கொடுத்தார்கள். கையளவுதான் இருந்தது, ஆனால் கனத்தது. ஓய்வு பெறுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? என் இரண்டாவது பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. நடை வந்த பிள்ளையையும் ஒரு வார இதழையும் ஒரே ஆள் துரத்த முடியாது.

என் நாற்காலிக்கு வந்திருக்கும் கஸ்தூரி பட்டதாரி. முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, நம்ம பத்திரிகையில சாமான்களைப் பத்தி எழுதறப்ப மார்க்குப் போடாம வாக்கியம் வாக்கியமா எழுதறீங்களே? ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டாச் சோலி முடிஞ்சுதில்லீங்க?"

"போட்டோம் கண்ணு. எங்க ஊட்டுல எல்லார் சோலியும் முடியத்தான் பார்த்துது" என்றேன்.

அவள் முழுக்கதையும் கேட்டாள். சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசிப்பதில் எனக்கு யாரும் நிகரில்லை.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. பள்ளி இறுதி முடித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது. என் கணவர் மில்லில் எழுத்தர். அவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக இந்த வார இதழில் புரூஃப் திருத்தச் சேர்ந்தேன். அப்போது என் மகள் சித்ரா கைக்குழந்தை. கணபதியில் எங்கள் வீட்டில் அவளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறுவேன். பஸ் கிளம்பியதும், கிணற்றடிக் கதவைச் சாத்தினேனா என்ற கேள்வி வரும். சாத்தினேன் என்று தெரியும். இருந்தாலும் கேள்வி என்னோடு டிக்கெட் வாங்காமல் அலுவலகம் வரைக்கும் வரும்.

புரூஃப் திருத்துவதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். எங்கள் ஆசிரியரைக் கற்க ஓராண்டு ஆயிற்று. வலது காதில் ஒரு பென்சில், இடது காதில் ஒரு பென்சில். மேசையில் ஓர் இரும்பு அளவுகோல். எந்தக் கட்டுரையை நீட்டினாலும் முதலில் அளப்பார். பிறகுதான் படிப்பார், பல வாரம் அந்தப் பிறகு வருவதே இல்லை. அளவுக்கு மேல் நீண்டால் அடியிலிருந்து வெட்டுவார். கதை என்றாலும் சரி, பஞ்சு விலை என்றாலும் சரி, அடியில் இருப்பது போகும். எங்கள் இதழில் சில துப்பறியும் கதைகளில் கொலைகாரன் கடைசிவரை அகப்படாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அவருடைய மரியாதை இன்னொரு பாடம். அவர் "முடியாது" என்றால் கொஞ்சம் நச்சரித்தால் நடக்கும். "முடியாதுங்க" என்றால் அடுத்த வாரம் கேட்டுப் பார்க்கலாம். "முடியாதுங்களே அம்மணி, கோவிச்சுக்கப்படாதுங்க, நானென்னங்க பண்றது" என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் சுவரும் எழுப்பியாயிற்று என்று பொருள். மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு நிருபர் இது தெரியாமல், ஆசிரியர் தங்கமானவர் என்று நம்பி, சம்பள உயர்வுக்காக ஒரு வருஷம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

பெண்கள் பக்கத்துக்கு ஆள் இல்லாமல் போனபோது ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். கடையில் விற்கும் வீட்டுச் சாமான்களை வாங்கி உபயோகித்துப் பார்த்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று போட வேண்டும். சென்னைப் பத்திரிகை ஏதோ ஒன்றில் பார்த்திருக்கிறார்.

"என் பேர் போடுவீங்களாங்க?"

"உம்பேரா? ஒண்ணப் பெத்த புள்ளை சொன்னா எந்தப் பொம்பளை கேப்பா?" என்றார். ங்க இல்லாததால் நம்பிக்கையோடு நின்றேன். ஆனால் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, படம் அச்சடிக்கும் ஒரு பழைய பிளாக்கை எடுத்துவிட்டார். எப்போதோ ஒரு கஷாய விளம்பரத்துக்குச் செய்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா, எல்லாம் தெரிந்த புன்னகை. கஷாயக் கம்பெனி மூடிப்போனது. பெரியம்மா மட்டும் எங்களிடம் தங்கிவிட்டார். அவருக்குப் பாக்கியத்தம்மாள் என்று ஆசிரியர் பெயர் வைத்தார். ஏழு பிள்ளைகளையும் அவரே கொடுத்தார். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

இப்படி நான் ஏழு பிள்ளை பெற்றவளாக எழுதத் தொடங்கினேன். சோப்பு, காப்பித்தூள், பால் புட்டி, துணி காயப்போடும் கயிறு. எல்லாவற்றுக்கும் மூன்று போட்டேன். நான்கு போடலாமே என்று தோன்றும். வாங்கியவள் வீட்டில் கெட்டுப்போனால்? இரண்டு போடலாமே என்று தோன்றும், கடைக்காரனும் பிள்ளைகுட்டிக்காரன்தானே? மூன்றே போடுவேன். மூன்றில் ஒரு வசதி உண்டு. மேலிருந்து எண்ணினாலும் மூன்று, கீழிருந்து எண்ணினாலும் மூன்று. அதனால்தான் எங்கள் மதிப்பெண்ணுக்கு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்பது வாசகர்களுக்குத் தெரியவே இல்லை என்ற சங்கதி எங்களுக்கும் தெரியாமல் இருந்தது.

பிறகு ஸ்டவ் வந்தது.

விறகை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வீடுகள் மாறிக்கொண்டிருந்த காலம். பம்ப் ஸ்டவ் நான்கு வகை கடையில் இருந்தது. நான்கையும் வரவழைத்தோம். அச்சகத்தின் பின்பக்கத்தில், கழிவுக் காகிதம் இல்லாத இடமாகப் பார்த்து, வரிசையாக வைத்தேன். எழுத்துக் கோக்கும் டேவிட் அண்ணன் மணல் வாளியோடு துணைக்கு நின்றார். மற்ற எல்லோரும் ஜன்னல் வழியாகத் துணை நின்றார்கள்.

ஒரே அளவு தண்ணீரை ஒவ்வொன்றிலும் கொதிக்கவைத்தேன். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா என்று விரலால் தடவினேன். எரியும்போது பம்ப் அடித்தால் ஜுவாலை எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தேன். அணைத்துவிட்டு, எண்ணெய்த் தொட்டியின் ஈயம் வைத்த மூட்டில் ஈரம் கசிகிறதா என்று காகிதத்தால் ஒற்றினேன். கடைசிச் சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு. சித்ரா எதையும் பிடித்து இழுத்துத்தான் எழுந்து நிற்பாள். ஆகவே பாத்திரத்தின் பிடியில் கயிறு கட்டி, மறுமுனையில் அவள் எடைக்கு ராகி கட்டிய பையைத் தொங்கவிட்டேன்.

"அம்மணி, இந்த மாதிரி யோசிக்கறதுக்கு ராத்திரியெல்லாம் தூங்காம இருக்கோணுமே" என்றார் டேவிட் அண்ணன்.

"தூங்கறதில்லீங்கண்ணா" என்றேன்.

மூன்று ஸ்டவ்கள் தாங்கின. அவற்றில் ஒன்று அசையவே இல்லை. ஜுவாலையும் அடக்கமாக எரிந்தது. நான்காவது 'பொற்சுடர்'. நீல வர்ணம், பித்தளைத் தொட்டி, பார்வைக்கு மணப்பெண். அதற்கு மூன்று கால்களும் நெருக்கமாக இருந்தன. ராகிப் பை தொங்கியதுமே குப்புற விழுந்தது. தொட்டி மூட்டில் எண்ணெய் கசிந்தது. பம்ப் அடித்தபோது ஜுவாலை என் முகத்துக்கு நேராக வந்து விசாரித்துவிட்டுப் போனது. டேவிட் அண்ணன் கேட்காமலேயே மணலைக் கொட்டினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வரவில்லை. அசையாத ஸ்டவ்வுக்கு ஐந்து போட்டேன். பொற்சுடருக்கு ஒன்று. கட்டுரையின் அடியில், "ஐந்து என்றால் மிக நல்லது, ஒன்று என்றால் மிக மோசம், வாங்காதீர்கள்" என்று விளக்கமும் எழுதினேன்.

அடியில் எழுதினேன். அந்த வாரம் கூந்தல் தைல விளம்பரம் ஓர் அங்குலம் வளர்ந்து வந்தது. ஆசிரியர் அளவுகோலை எடுத்தார்.

இதழ் வெளியான மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மருதாசலம் அலுவலகத்துக்கு வந்தார். பொற்சுடர் ஸ்டவ்வை இந்த ஊரில் விற்பவர் அவர்தான். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் டேவிட் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். வந்தவர் கையில் ஒரு பெரிய தட்டு நிறைய மைசூர்பாகு இருந்தது.

"பத்திரிகைன்னா இதுங்க பத்திரிகை" என்று ஆசிரியருக்கு முதல் துண்டைக் கொடுத்தார். "பொற்சுடருக்கு மொத மார்க்குக் குடுத்திருக்கீங்க. அதைக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டிப்போட்டனுங்க. காலையில இருந்து ஸ்டவ் நிக்க மாட்டேங்குது."

"அது விழுந்துரும்னு அவங்களும்..." என்று டேவிட் அண்ணன் ஆரம்பித்தார். ஆசிரியர் இருமினார்.

"கடையில நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னனுங்க. அத்தனை விற்பனை. பாக்கியத்தம்மா எங்கீங்க? ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயர்றேன்."

"அவங்க மூணாவது மகன் ஊட்டுக்குப் போயிருக்கறாங்க" என்றார் ஆசிரியர், மைசூர்பாகை மென்றுகொண்டே.

மருதாசலம் போவதற்குள், அடுத்த ஆறு மாதத்துக்கு முழுப்பக்க விளம்பரம் பேசி முடித்துவிட்டார். அவர் படி இறங்கும்போதே, ஐந்து வாங்கிய ஸ்டவ்வின் கடைக்காரர் ஏறி வந்தார். அவர் கையில் தட்டு எதுவும் இல்லை.

"ஏனுங்க, எங்களுதை அஞ்சாவதாப் போட்டிருக்கீங்களே, இது ஞாயமா? வெச்சுப் பார்த்ததே நாலு ஸ்டவ்வு. அஞ்சாவது எப்பிடீங்க வந்துது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்கியவன்தான் கெட்டிக்காரன். மண்டியில் வெல்லம் முதல் தரம் என்றால் விலை அதிகம். மூன்றாம் தரத்தை மாட்டுக்கு வைப்பதா என்று யோசிப்பார்கள். ரயிலில் முதல் வகுப்புக்கு மெத்தை உண்டு. எங்கள் ஊரில் ஒன்று என்ற எண் தலைநிமிர்ந்துதான் நிற்கும். அதைப் போய் நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் எண்ணாக நினைத்திருந்தேன்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கிணற்றடிக் கதவு நினைவே வரவில்லை. எத்தனை வீடுகளில் அந்த நீல ஸ்டவ் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே என் மாமியார் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே, திருநீறு பூசி, ஒரு முழம் மல்லிகை சுற்றி, பொற்சுடர். அதற்கு ஒரு கை தூரத்தில், அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நீல வர்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் சித்ரா.

நான் குழந்தையைத் தூக்கிய வேகத்தில் அவள் அழுதாள்.

"எதுக்கு அம்மணி புள்ளையை மெரட்டறே? மொத மார்க்கு ஸ்டவ்வு. உங்க பத்திரிகைதான் போட்டிருக்குது" என்றார் அத்தை.

என் மாமியார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பாக்கியத்தம்மாளுக்கு அவரைவிடப் பெரிய பக்தர் கிடையாது. நான் கொடுத்த பாலில் சூடு அதிகம் என்பார். பாக்கியத்தம்மாள் வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். நான் குழந்தைக்குத் தொப்பி போட்டால் கழற்றுவார். பாக்கியத்தம்மாள் காற்றாட விடச் சொன்னாராம். நான் எழுதியதை வைத்தே என்னைத் திருத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர். அதையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சத்தியத்தை உடைத்தேன்.

"அத்தை, அது மோசமான ஸ்டவ்வுங்க. ஒண்ணுன்னா மட்டம்னு அர்த்தம். நான்தானுங்க எழுதினேன். பாக்கியத்தம்மாள் நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீயா? அந்தம்மா ஏழு பெத்தவங்க. படம் போட்டிருக்குது, கண்ணாடி போட்டிருக்கறாங்க. நீ ஒண்ணப் பெத்துப்போட்டு, அது தும்முனா நாலு டாக்டரைக் கேக்கறே. போ கண்ணு, மொகங் கழுவிட்டு வா."

மில்லிலிருந்து வந்த கணவரிடம் முறையிட்டேன். அவர் அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தேய்த்த சட்டையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

மறுநாள் ஆசிரியரிடம் விளக்கம் ஒன்று போடச் சொல்லிக் கேட்டேன்.

"விளக்கமுங்களா அம்மணி? போடோணுமுங்க. கண்டிப்பாப் போடோணுமுங்க. ஆனாப் பாருங்க, அவுரு ஆறு மாசத்துக்கு விளம்பரம் குடுத்திருக்காருங்களே, நானென்னங்க பண்றது, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

எத்தனை ங்க என்று எண்ணிப் பார்த்தேன். சுவர் மட்டும் இல்லை, சுவருக்குப் பின்னால் அகழியும் வெட்டியாயிற்று.

என்னால் முடிந்ததைச் செய்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஸ்டவ்வின் பர்னர் மூடியைக் கழற்றிச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூடி இல்லாமல் அது எரியாது. மாலையில் வந்தால் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. எலி இழுத்துப் போய்விட்டது என்று அத்தை கடைக்குப் போய்ச் சொல்ல, மருதாசலம் பத்திரிகையில் முதல் மார்க் வாங்கிய பெருமையில் புது மூடியைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் பம்ப் தண்டை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கும் புதுசு வந்தது. அந்த வாரம் என் தூக்கில் சாப்பாட்டுக்கு இடமில்லை. டேவிட் அண்ணன் தயிர்ச்சோறு கொடுத்துக் காப்பாற்றினார்.

பொற்சுடர் பேர் இன்னொரு தடவை வந்தால் விளம்பரக்காரர் மகிழ்வார் என்று சொல்லி, அடுத்த இதழில் ஒரு வரி மட்டும் சேர்க்க ஆசிரியரைச் சம்மதிக்கவைத்தேன். "சென்ற இதழில் கண்ட மதிப்பெண் ஐந்துக்குக் கணக்கிடப்பட்டது. பொற்சுடர்: 5-க்கு 1." இதைவிடத் தெளிவு வேண்டுமா? அத்தை விரல் வைத்துப் படித்தார்.

"பாரு. அஞ்சுல இதுதான் ஒண்ணாவதுன்னு மறுக்காவும் போட்டிருக்கறாங்க. நீ சொன்னியே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அத்தை காப்பிக்குத் தண்ணீர் வைத்துப் பம்ப் அடித்தார். புஸ்ஸென்று ஜுவாலை எழும்பி, அவர் தோளிலிருந்து நழுவிய முந்தானை நுனியைத் தொட்டது. நான் கையாலேயே அடித்து அணைத்தேன். நூல்சேலை கருகிய வாசம் வீடு முழுக்க வந்தது. சித்ரா நடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். இருந்தாலும் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அத்தை கருகிய நுனியைத் தடவிப் பார்த்தார்.

"மொதத் தரம்னா வேகம் எச்சாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு அழுகையை முந்திக்கொண்டு ஒரு விஷயம் புரிந்தது. நம்பரைப் பார்த்து நம்பியவருக்கு, எதிரில் எரியும் நெருப்பும் அந்த நம்பருக்குச் சாட்சிதான். நம்பரை நேராக நிறுத்தினாலும் தலைகீழாக நிறுத்தினாலும் பயனில்லை. நம்பரே இருக்கக் கூடாது.

அப்புறம் யோசித்தேன். அச்சகக் கொல்லையில் ஒவ்வொரு ஸ்டவ்வையும் பார்த்தபோது என் மனதில் ஐந்தும் நான்கும் எங்கே இருந்தன? அங்கே இருந்தது ஒரே கேள்வி. சித்ராவை இதன் பக்கத்தில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேனா? அதற்கான பதில்களைத்தான் நான் எண்களாக்கிக் கெடுத்திருந்தேன். உட்கார்ந்து அந்தப் பதில்களையே எழுதினேன்.

குழந்தை தவழும் வீட்டில் வைக்கலாம்.

குழந்தை தூங்கும்போது மட்டும் பற்றவைக்கலாம்.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி.

குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை வேண்டாம்.

குழந்தை இருக்கும் வீதியிலேயே வேண்டாம்.

ஐந்து எண்ணுக்குப் பதில் ஐந்து வாக்கியம். இதில் எது மேல், எது கீழ் என்று யாரும் கேட்க முடியாது. பொற்சுடருக்கு எது என்று சொல்லத் தேவையில்லை.

எழுதியது பெரிதில்லை. அச்சில் ஏற்றுவதுதான் பெரிது. ஆசிரியர் படித்தால் பொற்சுடர் பற்றிய வரி போய்விடும். ஆனால் ஆசிரியர் படிப்பதில்லை, அளப்பார். இத்தனை நாள் என்னை வதைத்த அந்த இரும்பு அளவுகோலை அன்றுதான் நான் முழு மனதோடு வணங்கினேன். ஐந்து வாக்கியங்களையும், நான்கு ஸ்டவ்களுக்கும் அவற்றில் எது பொருந்தும் என்பதையும் தலைப்பை ஒட்டி மேலே வைத்தேன். அதன் கீழே, பாக்கியத்தம்மாள் தன் ஏழு பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முறையை, மூத்தவனிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்தியாக நீட்டினேன். கட்டுரைத் தலைப்பு: "எண்ணெய்க் குளியல்."

ஆசிரியர் அளவுகோலை வைத்தார்.

"எச்சா இருக்குதே அம்மணி."

"வெட்டிக்கங்க, பரவாயில்லீங்க."

கடைசி நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்டாமலேயே அனுப்பிவிட்டார். டேவிட் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஐந்து வாக்கியங்களையும் தடித்த எழுத்தில் கோத்தார்.

இதழ் வந்த அன்று வேண்டுமென்றே அதைச் சமையலறையில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். அன்று மூடியையும் எடுக்கவில்லை, தண்டையும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாமோ என்று பஸ்ஸில் யோசித்தேன். அலுவலகத்தில் யோசித்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பிழை திருத்தி, திருத்தியதையெல்லாம் மறுபடியும் பிழையாக்கினேன். சாப்பாட்டு வேளை தாண்டியதும் பொறுக்கமாட்டாமல், வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தபோது, படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது.

மருதாசலம். கையில் தட்டு இல்லை, பொற்சுடர் இருந்தது. அதில் வாடிய மல்லிகை இன்னும் சுற்றியிருந்தது. எங்கள் வீட்டு மல்லிகை.

"ஏனுங்க, கணபதியிலிருந்து ஒரு அம்மா புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு டவுன் பஸ்ஸேறி வந்து, கடை நடுவுல இதைக் கொண்டாந்து வெச்சுப்போட்டாங்க. கூட்டம் நிக்குதுங்க. 'வீதியிலேயே வேண்டாம்னு ஏழு பெத்தவ எழுதியிருக்கறா, நீ இதை எங்க வெச்சுக்குவே, உன்ற ஊட்டுல புள்ளை இல்லையா'ன்னு கேக்கறாங்க. நானென்னங்க சொல்லறது? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றார். குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது. "நான் ஊட்டுல இதைத்தானுங்க வெச்சிருக்கேன்."

ஆசிரியர் அப்போதுதான் தன் இதழை எடுத்துப் படித்தார். முதல் வரியிலிருந்து மெதுவாக. இடது காதுப் பென்சில் கீழே விழுந்தது.

மருதாசலம் விளம்பரத்தை நிறுத்தினார். விற்றதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் வேறு ஸ்டவ் கொடுத்தார். தயாரித்த பட்டறைக்காரரைப் பிடித்து உலுக்கி, கால்களை அகட்டிவைத்து, தொட்டி மூட்டை மறுபடி ஈயம் வைத்து அடைக்கச் செய்தார். அடுத்த வருஷம் அது ராகிப் பையைத் தாங்கியது. "பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி" என்று எழுதினேன். இந்தத் தடவை பாதித் தட்டு மைசூர்பாகு வந்தது. நியாயமான அளவுதான்.

மருதாசலம் ஸ்டவ்வோடு வந்துபோன அன்று மாலை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டே போனேன்.

"இனிமே இப்பிடிப் பண்ணாதே" என்றார்.

ஒரு ங்க கூட இல்லை. நான் குடையை மறுபடி அதன் இடத்தில் மாட்டினேன். அந்த ஐந்து வாக்கியங்கள் இன்றுவரை எங்கள் இதழில் இருக்கின்றன.

எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. அத்தை அவற்றை ஸ்டவ்வோடு விடவில்லை. எதிர்வீட்டு நாய்க்கு, குழந்தை தூங்கும்போது மட்டும். பவானியிலிருந்து ஜமக்காளம் விற்க வந்து, ஒறம்பரையாக எங்கள் வீட்டில் தங்கிப்போகும் மாமாவின் பேச்சுக்கு, வீதியிலேயே வேண்டாம். கணபதியில் எங்கள் வீதி முழுக்க இந்தக் கணக்கில்தான் மதிப்பிடப்பட்டிருக்கிறது. என்னை எதில் வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கலாமா என்று யோசித்திருக்கிறேன்.

பிரிவுபசார நாளன்று பரிசை வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். அத்தைதான் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது அந்தப் பிளாக். மூக்குக் கண்ணாடி, எல்லாம் தெரிந்த புன்னகை, எல்லாம் இடவலம் மாறி. அத்தை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஏழு மக்க?"

"பொய்ங்க அத்தை. ஆசிரியர் போட்டது."

அத்தை பிளாக்கை முந்தானையால் துடைத்து மாடத்தில் வைத்தார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார். "ஏழு பெத்தவ எவளும் இத்தனை பயப்பட மாட்டா."

சின்னவன் அதற்குள் மாடத்தைப் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தான். நான் பாய்ந்தேன். அத்தை என்னைக் கையால் தடுத்து, அவனைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீ போய்ச் செத்த நேரம் படு, கண்ணு. பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில இருந்தாச் சரி" என்றார்.

அவனைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். பகலில் நான் தூங்கியது அன்றுதான்.